தண்ணீரிலேயே நிற்கும் சிறு படகைக் கனமழையிலிருந்து காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நேற்று மாலை கட்டிவிட்டு வந்த படகு காலையில் இல்லை. துறையில் கட்டிய கயிறு விறைப்பாக நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. எட்டிப் பார்த்தால் உட்காரும் பலகை இரண்டடி ஆழத்தில் மங்கலாகத் தெரிகிறது. எனக்கு ஒருமுறை இது நடந்தது. இரவெல்லாம் கொட்டிய மழையைத்தான் அன்று திட்டித் தீர்த்தேன். படகைக் கரையேற்றித் துடைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மழை படகை ஒரு சாண் தாழ்த்தியிருந்தது, அவ்வளவுதான். பின்சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை ஒன்று, எப்போதும் தண்ணீருக்கு மேலே இருப்பது, அன்றைக்குக் கீழே போய்விட்டது. மீதி வேலையை அது முடித்துவிட்டது.

அதன் பிறகு மழைக்காலத்துக்கு முன் நான் முதலில் தேடுவது அந்த மாதிரி ஓட்டைகளைத்தான். மூடி, பம்பு, கயிறு எல்லாம் வேண்டியவைதான், ஒவ்வொன்றையும் விரிவாகவே பார்ப்போம். ஆனால் அவை எல்லாமே படகு அந்த ஓட்டை மட்டத்துக்குத் தாழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் செய்கின்றன. இங்கே சொல்வது 12 அடி முதல் 20 அடி வரையுள்ள, துறையிலோ மிதவையிலோ கட்டி வைத்திருக்கும் ஃபைபர், அலுமினிய, மரப் படகுகளுக்குப் பொருந்தும்.

## முதலில் கொஞ்சம் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். எடையில் 1 கிலோ. இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நீளம் 4.5 மீட்டர், அகலம் 1.6 மீட்டர் உள்ள திறந்த படகை எடுத்துக்கொள்ளுங்கள். முன்முனை கூம்பிப் போவதைக் கழித்தால், வானத்தைப் பார்த்திருக்கும் பரப்பு சுமார் 5.5 சதுர மீட்டர். ஓர் இரவில் 100 மி.மீ. கொட்டினால் உள்ளே சேர்வது 550 லிட்டர். ஏழு பெரியவர்கள் ஏறி உட்கார்ந்த எடை அது. பகலில் ஏழு பேர் ஏற வந்தால் முடியாது என்று கைகாட்டி நிறுத்துவோம். இரவில் மழை நம்மைக் கேட்பதில்லை.

திறந்த படகு சமமாக மிதக்கிறது என்று வைத்தால், எத்தனை மி.மீ. மழை பெய்கிறதோ கிட்டத்தட்ட அத்தனை மி.மீ. அது தாழும். மேல்விளிம்பு அடிப்பகுதியைவிட விரிந்திருப்பதால் கொஞ்சம் கூடவே தாழும். 100 மி.மீ. மழைக்குப் பத்து செ.மீ., பன்னிரண்டு செ.மீ. என்று வையுங்கள். விளிம்பு 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று தோன்றும். படகு சமமாகத் தாழ்வதில்லை என்பதுதான் பயம். எஞ்சின், பேட்டரி, எரிபொருள் டேங்க் மூன்றும் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கின்றன. மழைத்தண்ணீரும் அங்கேதான் ஓடிச் சேரும். சேரச் சேரப் பின்பக்கம் இறங்கும், இறங்க இறங்க மேலும் சேரும். எஞ்சின் மாட்ட வெட்டியிருக்கும் பின்சுவர்ப் பள்ளம், பல படகுகளில் நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரம்தான்.

போதாததற்கு, உள்ளே நிற்கும் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அதுவும் இடப்பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அரைகுறையாகத் தண்ணீர் நிறைந்த படகில் ஏறியவர்களுக்கு அந்தத் தள்ளாட்டம் தெரியும்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். ஓர் அங்குல விட்டமுள்ள ஓட்டை, தண்ணீருக்கு 30 செ.மீ. கீழே இருந்தால், அதன் வழியே மணிக்குச் சுமார் 2,500 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 50 மி.மீ. வீதம் கொட்டும் பேய்மழைகூட நம் படகுக்குள் போடுவது 275 லிட்டர்தான். ஒன்பது மடங்கு வித்தியாசம். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

## படி 1: மழை தாழ்த்துமுன் நீங்களே தாழ்த்திப் பாருங்கள்

காற்றில்லாத ஒரு காலை, நிற்கும் அளவு ஆழமுள்ள இடம், இரண்டு மூன்று நண்பர்கள், ஒரு மார்க்கர் பேனா. இவ்வளவு போதும். நண்பர்களை உயிர்காப்பு அங்கி போடச் சொல்லிப் பின்பக்கமாக உட்கார வையுங்கள். நீங்கள் தண்ணீரில் நின்று படகைச் சுற்றி வாருங்கள். தண்ணீருக்குள் போய்விட்ட ஓட்டை எது, நாலு விரல் உயரத்தில் தப்பித்து நிற்பது எது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். அப்படியே எல்லோரையும் ஒரு பக்கமாகச் சாயச் சொல்லி இன்னொருமுறை பாருங்கள்.

வழக்கமாகச் சிக்குபவை இவை: பம்புத் தண்ணீர் வெளியேறும் வாய், தளத்திலிருந்து வடியும் துவாரங்கள், எஞ்சின் கேபிளும் எரிபொருள் குழாயும் நுழையும் ஓட்டை, மீன் போடும் தொட்டியின் வடிகால், பக்கவாட்டு ரப்பர்ப் பட்டையை முறுக்கிய திருகுகள், பழைய கருவி எதையோ கழற்றியபின் மூடாமல் விட்ட திருகுத் துளைகள். இந்தக் கடைசி வகைதான் எண்ணிக்கையில் அதிகம். தனித்தனியே பார்த்தால் ஊசித் துளை, பத்துச் சேர்ந்தால் ஒரு குழாய்.

வேண்டாத துளைகளை எபாக்சி போட்டு நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். கேபிள் நுழையும் இடத்துக்கு ரப்பர் உறை மாட்டி, சுற்றிலும் படகுக்கென விற்கும் பாலியூரித்தேன் சீலன்ட் பூசுங்கள். வீட்டு ஜன்னலுக்குப் பூசும் சிலிகான் இங்கே வேண்டாம், சில மாதத்தில் உரிந்து வந்துவிடும். வெளிக்குழாய் வாயை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். முடியாவிட்டால் அதற்குப் போகும் ஹோஸை உள்பக்கம் விளிம்பு வரை ஏற்றி, வளைத்து இறக்குங்கள். வளைவின் உச்சியில் காற்று புகும் வால்வு ஒன்றும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பம்பு ஓடி நின்றபின் தண்ணீர் அதே ஹோஸ் வழியே உறிஞ்சப்பட்டுத் திரும்பி வரலாம். அது இருந்தால், வாய் தண்ணீருக்குள் போனாலும், அந்த வளைவின் உச்சி வரை ஏறினால்தான் தண்ணீர் உள்ளே வர முடியும்.

தானே வடியும் தளமுள்ள படகு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 'எங்கள் படகுக்கு மழை பிரச்சினையே இல்லை, அதுவாக வடிந்துவிடும்' என்று சொல்பவர்களின் படகுகள்தான் அதிகம் மூழ்குவதாக எனக்கு ஒரு எண்ணம். அந்தத் தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான் வடியும். எஞ்சினை மாற்றி எடை கூடிய ஒன்றை மாட்டினாலோ, இரண்டாவது பேட்டரி வைத்தாலோ பின்பக்கம் இரண்டு அங்குலம் தாழும், வடிதுளை வழியே தண்ணீர் மேலே வர ஆரம்பிக்கும். துளையின் வெளிவாயில் ஒருவழி மடலோ பந்து வால்வோ இருந்தால் நல்லது. ஆனால் மடலுக்கிடையில் ஒரு சருகு சிக்கினாலே அது திறந்தபடி நின்றுவிடும். இலை உதிர்க்கும் மரத்தடியில் கட்டியிருந்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது விரலை விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம், தளத்தின் வடிதுளை வேறு, படகின் அடியில் உள்ள தக்கை வேறு. கரையில் ஏற்றி வைக்கும்போது தக்கையைக் கழற்றி வைப்பது சரி. தண்ணீரில் இருக்கும்போது அது இறுக மாட்டியே இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், தக்கையை மறந்து இறக்கிய படகுகளின் கதை எல்லாத் துறையிலும் ஒன்றாவது இருக்கும். மாற்றுத் தக்கை ஒன்றைச் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 2: மூடி

உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்றுவதைவிட வராமல் தடுப்பது மேல். அதனால் பம்பைவிட மூடிக்குத்தான் நான் முதல் மதிப்பெண் தருவேன். ஆனால் மோசமாகக் கட்டிய மூடி, மூடியே இல்லாததைவிட மோசம்.

தார்ப்பாயைச் சமமாக விரித்து நாலு பக்கமும் கட்டினால் என்ன ஆகும்? நடுவில் சின்னதாக ஒரு தொய்வு. அதில் தண்ணீர் தேங்கும், எடையால் தொய்வு ஆழமாகும், மேலும் தேங்கும். ஒரு மீட்டர் அகலம், நடுவில் வெறும் 10 செ.மீ. ஆழம் உள்ள குட்டைகூட 40 கிலோ எடை இருக்கும். அது பெரிதாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் முட்டுக்கம்பைச் சாய்த்துவிடும், அல்லது ஓரத்து வளையத்தைப் பிய்த்துவிடும். பிறகு மொத்தத் தார்ப்பாயும் படகுக்குள் தொங்கும் தொட்டிலாகிவிடும்.

ஆகவே மூடிக்கு முகடு வேண்டும், வீட்டுக் கூரைக்கு இருப்பது போல. பின்முனையிலிருந்து முன்முனை வரை நடுவில் ஒரு குழாயோ மூங்கிலோ ஓட வேண்டும். அதைத் தாங்க, ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புக்கு வளைத்த பி.வி.சி. குழாய்கள், முக்கால் மீட்டருக்கு ஒன்று வீதம். 1.6 மீட்டர் அகலப் படகுக்கு முகடு விளிம்பைவிட 40 செ.மீ.யாவது உயர்ந்திருக்கட்டும். அதற்குக் குறைந்தால் துணி லேசாகத் தளர்ந்ததும் தண்ணீர் தேங்க ஆரம்பிக்கிறது. நட்டுவைத்த ஒற்றைக் கம்பை நம்பாதீர்கள். படகு ஆட ஆட அது நகர்ந்து விழும். கம்புதான் வழி என்றால் அடியைப் பலகையோடு கட்டி, நுனியில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டுங்கள், துணி கிழியாது.

ஓரங்களில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூடியின் ஓரம் விளிம்போடு நின்றுவிட்டால், வழிந்து வரும் தண்ணீர் துணியின் அடிப்பக்கமாகத் திரும்பி உள்ளேயே சொட்டும். வெளிப்பக்க ரப்பர்ப் பட்டையைத் தாண்டி ஒரு சாணாவது கீழே தொங்க வேண்டும். பின்பக்கமும் அப்படியே. எஞ்சின் இடைஞ்சலாக இருக்கிறது என்று மூடியைப் பின்சுவருக்கு முன்னாலேயே முடித்துவிடுபவர்கள் உண்டு. படகின் மிகத் தாழ்வான இடத்தைத் திறந்து போட்டுவிட்டு மற்றதை மூடி என்ன பயன்? எஞ்சினுக்கு ஏற்பத் துணியை வெட்டி, அதற்குத் தனியாக ஓர் உறை தைத்து மேலே கவிழ்த்துவிடுங்கள்.

கட்டுவதற்கு, தார்ப்பாயின் உலோக வளையங்களை முழுக்க நம்ப முடியாது. காற்றில் படபடத்து அவைதான் முதலில் பிய்யும். இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. வழவழப்பான கூழாங்கல்லைத் துணிக்கு அடியில் வைத்து, மேலிருந்து துணியோடு சேர்த்துக் கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கட்டினால், எங்கே வேண்டுமானாலும் ஒரு பிடிப்பு கிடைத்துவிடும். துணியும் கிழியாது. அந்தக் கயிற்றைப் படகின் அடி வழியே மறுபக்கம் கொண்டுபோய்க் கட்டுவது மிக உறுதி. முன்முனைக்கு அடியில் கயிற்றைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால் கயிறு தானாக அடிப்பக்கம் வந்துவிடும். எஞ்சினுக்கு வெகு முன்பே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை ஓரத்தில் தொங்கவிடும் பழக்கமும் உண்டு. கரையில் நிற்கும் படகுக்கு அது சரி. தண்ணீரில் ஆடும் படகில் இரவெல்லாம் பக்கச்சுவரில் மோதிக்கொண்டே இருக்கும்.

துணியைப் பொறுத்தவரை, பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் ஒரு சொட்டும் விடாது. ஆனால் மூச்சும் விடாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக் கேன்வாஸ் மூச்சு விடும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை நீர்விலக்கிப் பூச்சு கொடுக்க வேண்டும். மலிவான நீலத் தார்ப்பாய் அவசரத்துக்கு மட்டும், வெயிலில் சீக்கிரமே பொடிந்துவிடும். எந்தத் துணியானாலும் இரண்டு முனைகளிலும் கீழ்நோக்கித் திறந்த காற்றுவழி வையுங்கள். துணி உரசும் மூலைகளில் பழைய ஹோஸ் துண்டையோ தடித்த துணியையோ அடிவைத்துக் கட்டுங்கள்.

மழையோடு பெருங்காற்றும் வரும் என்று எச்சரிக்கை இருந்தால் கணக்கு மாறுகிறது. உயர்ந்த மூடி ஒரு பாய்மரப் பாய் போலக் காற்றை வாங்கும், கட்டுக்கயிறுகளை இழுக்கும். அந்த மாதிரி நாளில் நான் மூடியைக் கழற்றிவிட்டுப் பம்பை நம்புவேன். முடிந்தால் படகையே கரையேற்றிவிடுவேன். நாலு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பதற்கு இணையான பாதுகாப்பு எதுவும் இல்லை.

## படி 3: பம்பு

படகின் அடியில் தண்ணீர் வந்து சேரும் குழிதான் பில்ஜ். அதை இறைக்கும் பில்ஜ் பம்பு வாங்கப் போனால் மணிக்கு இத்தனை கேலன் என்று டப்பாவில் போட்டிருக்கும். 500 கேலன் பம்பு என்றால் சுமார் 1,900 லிட்டர். அது ஹோஸே மாட்டாமல், தண்ணீரை மேலே ஏற்றாமல், முழு வோல்டேஜில் அளந்த கணக்கு. படகில் மாட்டியபின் அதில் பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அப்போதும் மணிக்கு 900 லிட்டருக்குக் குறையாது. பேய்மழைக்கே 275 லிட்டர்தான் என்று பார்த்தோம். ஆக, மழைக்கு மிகச்சிறிய பம்பே தாராளம். பெரிய பம்பு வாங்கினால் தவறில்லை, ஆனால் படகுகள் பம்பு சிறியதாக இருந்ததால் மூழ்குவதில்லை. ஓட வேண்டிய நேரத்தில் அது ஓடாததால் மூழ்குகின்றன.

ஏன் ஓடாது? நான் பார்த்தவரை நான்கு காரணம்.

பேட்டரி தீர்ந்திருக்கும். மழைத்தண்ணீரை இறைத்ததால் தீர்ந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 550 லிட்டரை இறைக்க முக்கால் மணி நேரம்கூட ஆகாது. சிறிய பம்பு 2.5 ஆம்பியர் இழுத்தால் செலவாவது 2 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது கொசுக்கடி. ஆனால் தண்ணீர் ஏறும்போது மிதந்து எழுந்து பம்பைத் தானாக ஓட்டும் மிதவைச் சுவிட்ச் மேலே சிக்கிக்கொண்டு, தண்ணீரே இல்லாமல் பம்பு ஓடிக்கொண்டே இருந்தால், ஒரு நாளில் 60 ஆம்பியர்-மணி காலி. என் படகில் ஒருமுறை அறுந்த தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு அப்படித்தான் ஆனது. மழைக்கு முன்பே பேட்டரி செத்துவிட்டது.

ஹோஸ் நீளமாக இருந்தால் இன்னொரு வழியிலும் பேட்டரி தீரும். மூன்று மீட்டர் நீள, முக்கால் அங்குல ஹோஸில் நிற்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 850 மில்லி. பம்பு நின்றதும் அது திரும்பக் கீழே வரும். குழி சிறியதென்றால் மிதவை மறுபடி எழும், பம்பு மறுபடி ஓடும், இரவு முழுக்க அதே ஒரு லிட்டரை மேலும் கீழும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். ஹோஸைக் குட்டையாக வைப்பதுதான் தீர்வு. ஒருவழி வால்வு போடலாமே என்பார்கள். போடாதீர்கள். அது அடைத்துக்கொண்டால் பம்பு ஓடும், தண்ணீர் வராது. உள்பக்கம் வழவழப்பான ஹோஸ் வாங்குங்கள், சுருள் சுருளாக மடிப்புள்ள ஹோஸ் ஓட்டத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

மூன்றாவது, ஒயர் இணைப்பு. பில்ஜில் டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம். ஈயம் பூசிய செம்பு ஒயர், சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை, இணைப்பு எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில். நான்காவது, மனிதத் தவறு. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவோம், பம்பும் அதோடு அணைந்துவிடும். மிதவைச் சுவிட்சின் ஒயர் மெயின் சுவிட்சைத் தொடாமல், பம்புத் தயாரிப்பாளர் சொன்ன அளவு ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும்.

சோதிக்கும்போது மிதவையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். தானாக ஓட வேண்டும், வெளியே வந்து விழும் தண்ணீரை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு தானாக நிற்க வேண்டும். மூன்றும் நடந்தால்தான் பம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். பில்ஜில் எண்ணெய் கசிவு இருந்தால் அதை உறிஞ்சும் பஞ்சுத் துண்டை அங்கே போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பம்பு அதையும் சேர்த்து ஆற்றிலோ கடலிலோ கொட்டிவிடும்.

வாரக்கணக்கில் போய்ப் பார்க்க முடியாதவர்கள் 20 வாட் சோலார் பேனலையும் சார்ஜ் கன்ட்ரோலரையும் மாட்டிவிடலாம். நல்ல வெயிலில் நாளுக்கு 5 ஆம்பியர்-மணி கொடுக்கும். மழை மூட்டத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சந்தேகம். எனவே மழை தொடங்கும்போது பேட்டரி நிறைந்திருக்கச் செய்வதுதான் அதன் வேலை. வசதியிருந்தால் இரண்டாவது பம்பு ஒன்றை, நாலு விரல் உயரத்தில், தனி பேட்டரியில் மாட்டுங்கள்.

பேட்டரியே இல்லாத படகு என்றால் மூடிதான் துணை, கூடவே ஒரு வாளி. அலையில் படகு ஆடும் அசைவிலேயே இயங்கும் பம்புகளும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் ஓயாமல் இறைக்கும். அசைவே இல்லாத குளத்தில் அவை சும்மா உட்கார்ந்திருக்கும்.

## படி 4: கயிறும் இடமும்

கனமழை படகுக்குள் மட்டும் பெய்வதில்லை. ஆறும் ஏரியும் ஏறும். அசையாத தூணில் குட்டையாகக் கட்டிய படகு, தண்ணீர் ஏறும்போது மேலே வர முடியாமல் ஒரு பக்கம் இழுபட்டுச் சாய்ந்து, விளிம்பு வழியே நிரம்பும். நீளமாக விட்டால் துறைக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொள்ளும், தண்ணீர் ஏறும்போது குறுக்குச் சட்டம் அதை மேலிருந்து அமுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும்.

மிதக்கும் துறை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, படகும் துறையும் சேர்ந்தே ஏறும். அசையாத துறை என்றால், நேர் எதிரே உள்ள கட்டையில் கட்டாமல், முன்னும் பின்னும் தள்ளியிருக்கும் கட்டைகளில் நீளமான கயிறுகளாகக் கட்டுங்கள். கயிறு எவ்வளவு நீளமோ, தண்ணீர் ஏறி இறங்கும்போது அவ்வளவு குறைவாக இழுபடும். முன்பக்கக் கயிறு ஒன்றைப் பின்னோக்கியும், பின்பக்கக் கயிறு ஒன்றை முன்னோக்கியும் குறுக்காகப் போட்டால் படகு நெடுகிலும் ஓடாமல் நிற்கும். வழுவழுப்பான நெட்டுக்குத்துத் தூண் இருந்தால், அதைச் சுற்றித் தளர்வான வளையம் போட்டு அதில் கட்டலாம். வளையம் தண்ணீரோடு ஏறி இறங்கும். ஆனால் தூணில் சிப்பி, ஆணி எதிலும் அது சிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும் தண்ணீரில் முன்முனை நீரோட்டத்தை எதிர்த்து நிற்கட்டும். தாழ்ந்த பின்சுவரை அலைக்கும் ஓட்டத்துக்கும் காட்டாதீர்கள். வெள்ளத்தில் வரும் மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் முன்கயிற்றில் சேர்ந்து சுமையை ஏற்றும், அந்தக் கயிறு மற்றதைவிடத் தடிமனாக இருக்கட்டும். நைலான் இழுபட்டுக் கொடுக்கும், அதனால் அதிர்ச்சியைத் தாங்கும், நனைந்தால் கொஞ்சம் வலு குறையும். எந்தக் கயிறும் உரசும் இடத்தில்தான் அறும், அங்கே ஹோஸ் துண்டைச் செருகுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரே வார்த்தை: கூரைத் தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே கட்டாதீர்கள். ஒரு கூரையின் பரப்பு முழுவதும் சேர்ந்து உங்கள் படகுக்குள் விழும்.

## படி 5: மூழ்கினாலும் மூழ்காதிருக்க

இருக்கைகளுக்கு அடியில் மூடிய காற்றறைகள் இருந்தால் அவற்றின் மூடி, ரப்பர் வளையம் சரியா என்று பாருங்கள். பழைய படகில் அடைத்த நுரை தண்ணீரை உறிஞ்சிப் பாரமாகியிருக்கலாம். எதுவும் இல்லாத படகுக்கு எளிய வழி, இறுக மூடிய 20 லிட்டர் காலி கேன்கள். ஒவ்வொன்றும் சுமார் 20 கிலோவைத் தாங்கும். பலகைக்கு அடியில் வார்ப்பட்டையால் கட்டுங்கள், சும்மா வைத்தால் மிதந்து போய்விடும். பின்பக்கம் அதிகம், முன்பக்கம் குறைவு, இரு புறமும் சமம். படகு தண்ணீர் நிறைந்தாலும் விளிம்பு தெரிய மிதந்தால் காப்பாற்றுவது பத்து மடங்கு சுலபம்.

மரப் படகுக்காரர்களுக்கு ஒரு சொல். கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்துக்கு எதிரி. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், தேங்கிய நன்னீர் அதற்கு விருந்து வைக்கும். வங்குகளுக்கிடையே, அதாவது படகின் உள்பக்கக் குறுக்குச் சட்டங்களுக்கிடையே, தண்ணீர் ஓடும் சிறு வழிகள் சேறும் இலையும் அடைத்து நின்றால், இறைத்துவிட்டோம் என்று நினைக்கும் படகிலும் மூலைக்கு மூலை குட்டை நிற்கும். மெல்லிய கம்பியை விட்டு அவற்றைத் திறந்து வையுங்கள். இன்னொன்று, வெயிலில் காய்ந்து சுருங்கிய மேற்பலகைகளின் இடுக்குகள் சாதாரண நாளில் தண்ணீரைத் தொடாது. மழையில் படகு தாழ்ந்தால் தொடும். அவையும் ஒரு வகை ஓட்டைதான்.

## மழை வரும் நாளும் பெய்யும் நேரமும்

முன்னறிவிப்பு வந்ததும் எடையைக் குறையுங்கள். நங்கூரம், தேவையில்லாத சாமான், கையால் தூக்கும் எரிபொருள் டேங்க் எல்லாம் கரைக்கு. டேங்க் படகிலேயே இருக்க வேண்டுமென்றால் மூடியின் காற்றுத் திருகை இறுக்குங்கள், மழைத்தண்ணீர் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் சண்டித்தனம் செய்யும். சிறிய எஞ்சினைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், பின்பக்கம் உடனே எழும்பும். பேட்டரியை நடுப்பகுதிக்கு நகர்த்தினாலும் நல்ல பலன் தெரியும். உதிரியாகக் கிடக்கும் பிளாஸ்டிக் காகிதம், நூல், துணி எல்லாவற்றையும் பொறுக்குங்கள், பம்பை அடைப்பவை அவைதான்.

இடி இடிக்கும்போது படகுக்குப் போகாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். தனியாகப் போகாதீர்கள், உயிர்காப்பு அங்கி இல்லாமல் போகாதீர்கள். பல நாள் மழை என்றால் இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் ஒருமுறை இறைத்துவிடுங்கள். 550 லிட்டர் என்பது பத்து லிட்டர் வாளியில் 55 முறை, அதை ஒரே மூச்சில் செய்ய இடுப்பு ஒத்துக்கொள்ளாது.

## படகு பாதி மூழ்கிக் கிடந்தால்

கரையிலிருந்து மின்சாரம் இழுத்திருந்தால் முதலில் அதைக் கரையிலேயே துண்டியுங்கள். நன்னீரில் கசியும் மின்சாரம் நீந்துபவரை முடக்கிக் கொன்றுவிடும். பிறகுதான் தண்ணீரில் கால் வையுங்கள்.

நிறைந்த படகுக்குள் தாவி ஏறாதீர்கள், உங்கள் எடை அதை முழுதாக அமிழ்த்தும். வெளியே நின்றபடி பின்சுவர் ஓட்டைகளைத் துணியாலும் தக்கையாலும் அடையுங்கள். அடைக்காமல் இறைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் எடுப்பது போலத்தான். விளிம்பு எங்கே தண்ணீருக்குள் இருக்கிறதோ, அங்கே இருவர் சேர்ந்து அரை சாணாவது தூக்கிப் பிடியுங்கள். மூன்றாமவர் பெரிய வாளியால் வேகமாக இறைக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். விளிம்பு தானாக நின்றுவிட்டால் பிறகு சிறிய வாளி போதும். தண்ணீரோடு சேர்த்துப் படகைக் கயிறு கட்டித் தூக்க நினைக்க வேண்டாம், அந்தப் பாரத்தில் கொண்டியோ பின்சுவரோ பிய்ந்து வந்துவிடும்.

பேட்டரி இணைப்பைக் கையெட்டியதும் கழற்றுங்கள். எஞ்சின் நனைந்திருந்தால் நேரம்தான் எல்லாம். வெளியே எடுத்ததும் நன்னீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு சாய்த்து, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிளக் துளை வழியே எண்ணெய் விட்டு இன்னும் சிலமுறை சுற்றுங்கள். சுற்றும்போது எங்காவது இடித்தால் பலவந்தம் செய்யாதீர்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்டு வைத்தால், காற்றுப் பட்டதும் உள்ளே துரு வேலையை ஆரம்பித்துவிடும்.

எல்லாம் காய்ந்தபின், பேனாவை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று அழுக்குக் கோடு காட்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். என் படகில் மூன்று இருந்தன. ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.